மேகம் கடந்து போகிறது, குருணை வாங்கலாமா?

கேள்வி: விளாத்திகுளம் வட்டத்தில் எனக்கு ஆறு ஏக்கர் கரிசல் மானாவாரி நிலம் உள்ளது. புரட்டாசிக் கடைசியில் இரண்டு உழவு மழை கிடைத்ததும் உளுந்து விதைத்தேன். பயிருக்கு இன்று இருபது நாள். அதன்பின் மழையே இல்லை. நிலம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. கைப்பேசியில் நாள்தோறும் எண்பது சதவீதம் மழை என்று வருகிறது. மேகமும் வந்து கடந்து போகிறது. கடல்நீர் ஆவியாகி மழையாகும் என்று படிக்கும் என் ஏழாம் வகுப்பு மகள், கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நமக்கு ஏன் பெய்யவில்லை என்று கேட்கிறாள். ஈரத்தைப் பிடித்து வைக்கும் குருணையை ஏக்கருக்கு இரண்டு கிலோ தூவச் சொல்கிறார் உரக்கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தக் குருணை நீரை உறிஞ்சும் என்பது மெய்தான். ஆனால் உறிஞ்சுவதற்கு முதலில் நீர் வேண்டும், குருணையும் வேருக்கருகே மண்ணுக்குள் கிடக்க வேண்டும். விதைக்கும்போது சாலில் இட வேண்டிய பொருளை இருபது நாள் பயிருக்கு மேலாகத் தூவச் சொல்பவர் தங்கள் பயிரைப் பார்த்துச் சொல்லவில்லை, கடையில் தேங்கிய சரக்கைப் பார்த்துச் சொல்கிறார். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீர். இப்பருவத்தில் வெயிலும் பயிரும் சேர்ந்து நாளொன்றுக்கு 3 மில்லிமீட்டர் எடுப்பதாகக் கொண்டால் அது 12,000 லிட்டர். ஒரு கிலோ குருணை 400 லிட்டர் பிடிக்கும் என்று அவர் சத்தியமே செய்தாலும், இரண்டு கிலோ பிடிப்பது ஒரு நாள் செலவில் பதினைந்தில் ஒரு பங்குதான். ஆழமான கரிசலோ ஒரு மீட்டர் ஆழத்துக்கு 150 மில்லிமீட்டர் மழைக்குக் குறையாமல் தானாகவே பிடித்து வைக்கும் மண். களைக்கொத்தால் மேலாகக் கொத்தி, களையை நீக்கி, வெடிப்பைப் புழுதியால் மூடுங்கள். இப்போதைக்கு அது போதும்.

தங்கள் கேள்வியை விடத் தங்கள் மகளின் கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆவி தங்கள் ஊர்க் காற்றில் வேண்டிய மட்டும் இருக்கிறது. அதை மேலே தூக்கும் விசைதான் இல்லை. காற்று மேலெழுந்து குளிர்ந்தால்தான் ஆவி துளியாகும், அத்துளிகளில் ஏறக்குறைய பத்து லட்சம் ஒன்றுகூடினால்தான் மண்ணில் விழும் ஒரு மழைத்துளி உருவாகும். அந்த அளவுக்கு வளராத மேகம் கடந்துதான் போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் ஒரு காற்றுச் சுழற்சி நின்றபோது, தங்கள் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. அன்றும் அதே கடல்தான்.

கைப்பேசி காட்டும் எண்பது சதவீதம், பல கிலோமீட்டர் பரப்புக்குப் பொதுவாகப் போட்ட கணக்கு. வானிலை ஆய்வு மையம் ‘ஓரிரு இடங்களில்’ என்று சொன்னால், அப்பகுதி மழைமானிகளில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கில்தான் மழை பதிவாகும் என்று பொருள். அந்த ஓரிரு இடத்தில் தங்கள் புஞ்சையும் ஒன்று என்று யாரும் சொல்லவில்லை.

தாங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. விதைப்புக்கு முன் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது? ‘இரண்டு உழவு’ என்கிறீர்கள். ஏர் இறங்கும் ஈரத்தை அறிய அது நல்ல அளவுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு இருபது நாள் வரவு செலவை என்னால் போட இயலாது. மழைமானி இல்லாத மானாவாரி நிலத்துக்கு யோசனை சொல்வதே எனக்குப் பிடிக்காத வேலை, இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி அலுத்துவிட்டேன். இதற்குப் பணமும் வேண்டியதில்லை. பக்கம் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலின் தோள்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் வாயில் செருகுங்கள். அடிப்பாகம் குழிந்திருக்கும் ஆதலால், குழி மறையும் வரை நீர் ஊற்றி அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்து, அங்கிருந்து மேலே அளவுகோலின் மில்லிமீட்டர்களைக் குறியுங்கள். வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால் போதும், போத்தலின் பருமன் கணக்கை மாற்றாது. அதைத் திறந்த வெளியில் ஆடாமல் கட்டி, மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்காவது தள்ளி வையுங்கள்; நான் தொடக்கத்தில் வேப்பமரத்தடியில் வைத்து ஒரு பருவம் முழுவதும் தப்புக் கணக்கு எழுதினேன். அரசு மழைமானிகளைப் போலவே காலை எட்டரை மணிக்குப் பார்த்து எழுதிவிட்டு, நீரைச் சுழியக் குறிவரை விட்டுவைக்க வேண்டும். 2.5 மில்லிமீட்டருக்குக் கீழே பெய்த நாளை வானிலைத் துறை மழைநாளாகக் கொள்வதில்லை. தாங்களும் அதை வரவில் சேர்க்க வேண்டாம், மேல்மண்ணை நனைத்துவிட்டு மறுநாளே பறந்துவிடும். எழுதும் பொறுப்பை மகளிடம் கொடுங்கள்.

உளுந்து பூக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் கடப்பாரையால் ஓர் அடி தோண்டி, அடிமண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்றால் காத்திருக்கலாம். பொலபொலவென்று உதிர்ந்தால் எனக்கு உடனே எழுதுங்கள், அதுவரை பெய்ததை மில்லிமீட்டரில் குறித்து.