அடிலெய்டு முதல் உலுரு வரை கூடாரத்தோடு: கேள்வி பதில்

ஜூலை பள்ளி விடுமுறைக்கு அவுட்பேக், அதாவது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதிக்குக் கிளம்புகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அடிலெய்டிலிருந்து வடக்கே, உலுரு என்ற பெரிய பாறைக்குன்றுப் பக்கம் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலைப் பாதை. கிம்பர்லி, கேப் யார்க் பக்கம் போகிறவர்கள் வேறு ஆளைப் பிடியுங்கள்.

மெல்பர்ன்: அக்கா, இரண்டு பிள்ளைகளோடு அடிலெய்டு வழியாக உலுரு போகிறோம். மூன்று நாளில் போய்ச் சேர்ந்துவிடலாமா? எங்கெங்கே தங்குவது?

அடிலெய்டிலிருந்தே நான்கு நாள் வையுங்கள். ஃபோன் காட்டும் மணிக்கணக்கை மறந்துவிட்டு, வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்கள். ஜூலையில் அந்தப் பக்கம் மாலை ஆறு மணி சுமாருக்கெல்லாம் இருட்டிவிடும். பிள்ளைகளை எழுப்பி, கூடாரத்தை மடித்து, சாப்பிட்டுக் கிளம்பவே எட்டரை ஆகும். நாலரைக்கு அடுத்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும். நடுவில் பெட்ரோல், கழிப்பறை, சண்டை. மிஞ்சிய நேரத்தில் 500 கிலோமீட்டர் ஓட்டினால் நிம்மதி, 600 என்றால் அவசரம்.

முதல் நாள் போர்ட் அகஸ்டா, 300 கிலோமீட்டர்தான். கடைசிப் பெரிய சூப்பர்மார்க்கெட் சாமானை அங்கேயே வாங்கிவிடுங்கள். வழியில் பெட்ரோலோடு சாப்பாடும் விற்கும் ரோட்ஹவுஸில் ஒரு பாக்கெட் ரொட்டியின் விலை உங்களைப் பட்டினி விரதத்துக்குத் தள்ளும். இரண்டாம் நாள் கூபர் பெடி, 540. இதில் கிளெண்டாம்போவைத் தாண்டினால் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. டேங்க் பாதி இருந்தாலும் அங்கே நிரப்புங்கள். கூபர் பெடியில் தரைக்கடியில் குடைந்த வீடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், ஆனால் ஊரைச் சுற்றி ஓப்பல் ரத்தினக்கல் தோண்டும் வயல்களில் பின்னால் நகர்ந்து நகர்ந்து படமெடுக்காதீர்கள். மூடாத சுரங்கக் குழிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மூன்றாம் நாள் மார்லா, கல்கெரா தாண்டி எர்ல்டண்டா. அங்கே இடது பக்கம் திரும்பினால் நான்காம் நாள் மதியத்துக்குள் உலுருவுக்குப் பக்கத்து ஊரான யுலாரா.

உலுரு தேசியப் பூங்காவுக்குள் கூடாரம் போட முடியாது. யுலாராவில் உள்ள முகாமில்தான் தங்க வேண்டும். ஜூலையில் அது நிரம்பி வழியும், முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள். பூங்கா நுழைவுச் சீட்டு 18 வயதுக்குக் கீழே இலவசம். வடக்கு மண்டல (நார்தர்ன் டெரிட்டரி) அரசின் பூங்காக்களுக்கு வாங்கும் பாஸ் இங்கே செல்லாது, இது மத்திய அரசின் பூங்கா.

அடிலெய்டு: நான்கு சக்கர ஓட்ட (4WD) வண்டி கட்டாயமா?

இல்லை. அடிலெய்டு முதல் யுலாரா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், டார்வின் வரை முழுக்கத் தார்ச்சாலை. 1987-லேயே போட்டு முடித்துவிட்டார்கள். ஊட்னடாட்டா டிராக் போன்ற மண்பாதையில் இறங்கினால்தான் அது வேண்டும். மழை பெய்தால் அந்தப் பாதையை மூடுவார்கள், மூடியதில் ஓட்டினால் அபராதம்.

மெல்பர்ன்: இட்லி மாவு கொண்டுபோகலாமா அக்கா? மில்டுரா வழியாக வருகிறோம்.

கொண்டுபோகலாம், ஆனால் பொங்காது. ஆலிஸ் பக்கம் ஜூலை இரவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதுண்டு. பிள்ளைகளுக்குத் தடித்த தூக்கப்பை, தலைக்குக் குல்லா வேண்டும். பாலைவனம் என்றால் சூடு என்று நினைத்து பருத்தி போர்வையோடு வந்து நடுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கு ரவை, அவல், பருப்பு, ஊறுகாய் போதும்.

மாவைவிட முக்கியம்: மில்டுராவிலிருந்து வந்தால் ரென்மார்க்குக்கு முன்னால் யம்பாவில் சோதனைச்சாவடி. பழ ஈ பரவாமல் இருக்க பழங்களையும், தக்காளி, கத்தரிக்காய், பச்சை மிளகாய் வகைகளையும் அங்கே தடுத்துவிடுவார்கள். மறந்து பெட்டியில் வைத்திருந்தாலும் அபராதம் உண்டு.

கான்பெரா: எங்களிடம் சாதாரண கார்தான். நான்கு சக்கர ஓட்டம் இல்லாமல் போகலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

சிட்னி: அக்கா, பகலில பிள்ளையள் "எப்ப போய்ச் சேருவம்" எண்டு அரிச்செடுப்பினம். இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டா நித்திரையாப் போடுவினம். றோட்டும் வெறுமையாக் கிடக்கும். ஏன் ஏலாது?

ரோடு வெறுமையாக இருக்காது தம்பி. தாரில் விழும் மழை ஓரத்துக்கு ஓடிவருவதால் சாலையோரப் புல்தான் பச்சை. கங்காரு மேய்வது அந்தி முதல் விடியல் வரை, அங்கேதான். மாட்டுப் பண்ணைகளுக்குப் பல இடங்களில் வேலி கிடையாது, கறுப்பு மாடு கறுப்பு ரோட்டில் நிற்கும். 110-இல் போகிற கார் நிற்க 100 மீட்டருக்கு மேல் ஆகும். முகப்பு விளக்கில் கங்காரு தெரியும்போது அவ்வளவு தூரம் உங்களிடம் இருக்காது.

அதே சிட்னிக்காரர்: எங்கட வாகனத்துக்கு முன்னால புல்பார் எண்ட இரும்புத் தடுப்புக் கிடக்கு. லொறிக்காரரும் இரவிலதானே ஓடீனம்?

அந்த லாரி, பல டிரெய்லர்களை இழுக்கும் ரோடு டிரெயின், 53.5 மீட்டர் நீளம். கங்காருவுக்காக அது பிரேக் போடாது, போடவும் கூடாது. உங்கள் புல்பார் ரேடியேட்டரைக் காப்பாற்றலாம், மாட்டிடமிருந்து குடும்பத்தைக் காப்பாற்றாது.

பெர்த்: மதுரை-சென்னை ராத்திரிதானே ஓட்டினோம்? நானும் இங்கே இரவில் ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

சந்தோஷம். மதுரை-சென்னை சாலையில் அடிபட்டால் டீக்கடைக்காரர் ஓடி வருவார். இங்கே அடுத்த வெளிச்சம் 250 கிலோமீட்டர். வாடகை வண்டிக்காரர்கள் பலர் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். மீறினால் காப்பீடு கைவிரிக்கும்.

பிரிஸ்பேன்: கூடுதல் ஸ்பாட்லைட் போட்டால்?

தூரமாகத் தெரியும், பக்கவாட்டுப் புதரிலிருந்து குதிப்பது தெரியாது. இன்னொன்று சொல்லிவிடுகிறேன், இது பகலுக்கும் சேர்த்து. எது குறுக்கே வந்தாலும் நேராகப் பிரேக் போடுங்கள். ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள், வண்டி உருளுவது அதனால்தான். செத்த கங்காருவைக் கொத்தும் ஆப்புவால் கழுகு மெதுவாகத்தான் எழும்பும், அதைப் பார்த்தாலும் வேகத்தைக் குறையுங்கள்.

சிட்னி: அப்ப விடிய நாலு மணிக்கு வெளிக்கிடலாமோ?

அதுவும் இருட்டுத்தான், தம்பி! பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் ஒலிவடிவில் இறக்கி வையுங்கள். இந்த விஷயம் இத்தோடு போதும்.

ஹோபார்ட்: பாம்பு?

ஜூலைக் குளிரில் பார்ப்பது அரிது. கடித்தால் கழுவாதீர்கள், இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தாதீர்கள். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜை அந்தக் கை அல்லது கால் முழுதும் அழுத்திச் சுற்றி, அசையாமல் படுக்க வைத்து, அவசர எண் 000 அழையுங்கள்.

மெல்பர்ன்: ஃபோன் சிக்னலே இல்லாத இடத்தில் 000 எப்படி அழைப்பது?

நல்ல கேள்வி. ஊருக்கும் ஊருக்கும் நடுவே பெரும்பாலும் சிக்னல் இருக்காது. பிஎல்பி எனும், செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசரகால பீக்கன் ஒன்று வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். மாதக் கட்டணம் இல்லை, பதிவும் இலவசம். உயிர் ஆபத்து என்றால் மட்டும் அமுக்குங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். மேலிருந்து தேடுபவர்களுக்குக் காரைக் கண்டுபிடிப்பது சுலபம், மனிதரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆளுக்கு இரண்டு மூன்று நாளுக்கான தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

கீலாங்: ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி. நான்கு சக்கர ஓட்டம்...

வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

அடிலெய்டு: பிள்ளைகள் உலுரு மேலே ஏறலாமா?

2019 அக்டோபர் 26 முதல் ஏற அனுமதியில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனாங்கு மக்களுக்குப் புனிதமான இடம், பல காலமாக ஏறாதீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்றி நடக்கலாம், முழுச் சுற்று 10.6 கிலோமீட்டர், சமதரை. காலையில் தொடங்குங்கள். சில பகுதிகளில் படமெடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும், மதியுங்கள்.

சிங்கப்பூர்: விசா எத்தனை நாளில் கிடைக்கும்?

குடிவரவுத் துறை இணையதளத்தில் பாருங்கள்.

டார்வின்: டிசம்பர் விடுமுறையில் அடிலெய்டிலிருந்து இங்கே கூடாரத்தோடு வரலாமா?

வரலாம், கூடாரத்தில் தூங்க முடியாது. நடுப்பகுதியில் 40 டிகிரி, உங்கள் பக்கம் மழைக்காலம். ஜூனில் வரச் சொல்லுங்கள்.