புள்ளி போட்ட உடுப்பு எப்படி உடல் அளவு எடுக்கிறது?

ஹட்டனில் இருந்து தைக்கும் நீங்கள், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் போன் கேமராவிலேயே அளவு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கலாம். 2017இல் ஜப்பானின் ஸோஸோ நிறுவனம் அறிவித்த ஸோஸோசூட் இதற்கு நல்ல உதாரணம். பிறகு ஆட்களுக்கு அனுப்பியது உடம்போடு ஒட்டும் கறுப்பு உடுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். போனை நிறுத்தி வைத்துவிட்டு, கடிகார முள் மாதிரி 12 நிலைகளில் திரும்பி நிற்க வேண்டும்.

வெறும் துணியில் கேமராவுக்குப் பிடிமானம் இல்லை. இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அடையாளம் உண்டு. ஒரே புள்ளி பல கோணத்துப் படங்களில் விழுவதால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று மென்பொருள் கணக்குப் போடுகிறது. எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் உடம்பின் முப்பரிமாண வடிவம் வந்துவிடும். உடுப்பு இறுக்கமாக இருப்பதும் அதற்குத்தான். நுவரெலியாக் குளிருக்கு ஸ்வெட்டரோடு நின்றால் ஸ்வெட்டரின் அளவுதான் கிடைக்கும் (நாடா பிடித்தாலும் அதே கதைதான்).

சரி, சாரி ஜாக்கெட்டுக்கு இது போதுமா? நான் நம்ப மாட்டேன். மார்புச் சுற்று 34 என்று சொல்லும். கை தூக்கும்போது அக்குளில் எவ்வளவு தளர்வு வேண்டும் என்று சொல்லாது. நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றையும் பார்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஆம்ஹோலை (கை பொருத்தும் வளைவை) அதில் அளந்துகொள்ளலாம்.