கார் சாவி தொலைந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இருந்தது ஒரே சாவி. அதுவும் தொலைந்துவிட்டது. வண்டி பூட்டிக் கிடக்கிறது. முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்?

போனை எடுப்பதற்கு முன், தொலைந்தது எந்த வகைச் சாவி என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வர வேண்டிய ஆளும் ஆகும் செலவும் அதைப் பொறுத்துத்தான்.

கார் சாவி பார்க்க ஒன்றுதான். உள்ளே மூன்று சமாச்சாரம். ஒன்று, பூட்டைத் திருப்பும் இரும்பு. இரண்டாவது, பட்டனை அழுத்தினால் கதவைத் திறக்கும் ரிமோட். சாவிக்குள் இருக்கும் பேட்டரி இதற்காகத்தான். மூன்றாவது, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு சிப். இதற்குப் பேட்டரியே வேண்டாம். இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி இருக்கும் காயிலிலிருந்து மின்சக்தியை வாங்கிக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். அந்த அடையாளம் வண்டியின் கணினியில் பதிவாகி இருந்தால்தான் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு இஞ்சினை ஓட விடும். சிப் இல்லாத பழைய வண்டி என்றால் பூட்டு வேலை தெரிந்த எவரும் சாவி வெட்டித் தந்துவிடுவார், விஷயம் அத்தோடு முடிந்தது. மற்ற வண்டிகளுக்கு இரும்பை வெட்டுவது பாதி வேலைதான்.

கையில் இரண்டு எண்களை எடுத்து வையுங்கள். 17 எழுத்து-எண்கள் கொண்ட சேஸிஸ் எண் முதலாவது. பதிவுச் சான்றில் இருக்கும். பல வண்டிகளில் முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலும் வெளியிலிருந்தே படிக்கலாம். மற்றொன்று சாவி எண். வண்டி வாங்கும்போது சாவிக்கொத்தோடு ஒரு சின்னத் தகடு தந்திருப்பார்கள். பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அந்தத் தகடு இருந்தால் பூட்டைக் கழற்றாமலே, மாதிரிச் சாவியும் இல்லாமல், இரும்பைத் துல்லியமாக வெட்டிவிடலாம்.

அடுத்தது, ஷோரூமா, வெளி ஆளா? ஷோரூம் என்றால் சேஸிஸ் எண்ணை வைத்துச் சாவியை வரவழைப்பார்கள். சில நாள் ஆகலாம், வண்டியையும் அங்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். கார் சாவிக்கென்றே தொழில் செய்பவர் வண்டி நிற்கும் இடத்துக்கே வருவார். கூப்பிடும்போது வண்டியின் மாடல், ஆண்டு இரண்டையும் சொல்லி, “எல்லாச் சாவியும் போய்விட்டது, புதுச் சாவி பதிவு செய்ய முடியுமா?” என்று இதே சொற்களில் கேளுங்கள். ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது எளிது. ஒன்றுமே இல்லை என்றால் சில வண்டிகளுக்குத் தயாரிப்பாளரிடமிருந்து ரகசிய எண் வாங்க வேண்டும். சில வண்டிகளின் கணினி 10 நிமிடமோ அதற்கு மேலோ வேண்டுமென்றே காக்க வைக்கும். அந்த நேரம் முழுக்க இக்னிஷன் ஆனில் இருப்பதால் வண்டி பேட்டரி இறங்கிக்கொண்டே வரும். பதிவு நடுவழியில் நின்றால் கணினிப் பெட்டியே கெட்டுப்போகலாம். நன்றாக வேலை தெரிந்தவர் முதலில் பேட்டரிக்கு ஒரு சார்ஜரை மாட்டிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பார்.

உங்கள் அடையாள அட்டையையும் பதிவுச் சான்றையும் அவர் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காமல் வேலையைத் தொடங்குபவரிடம்தான் யோசிக்க வேண்டும்.

கேள்வி: டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கிறது. ஆனால் இஞ்சின் இரண்டு நொடி ஓடி அணைந்துவிடுகிறது. சாவி சரியாக வெட்டப்படவில்லையா?

வெட்டு சரிதான்; இல்லாவிட்டால் பூட்டு திரும்பியே இருக்காது. சிப் இல்லை, அல்லது சிப் இருந்தும் பதிவாகவில்லை. டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா பாருங்கள். உறுதி செய்ய ஒரு சோதனை: டூப்ளிகேட்டை இக்னிஷனில் போட்டு, அசல் சாவியின் தலையை அதன் தலையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இஞ்சின் அணையாமல் ஓடினால் குறை சிப்பில்தான். (டூப்ளிகேட்டில் பதிவாகாத சிப் இருந்தால் இரண்டும் மோதிக்கொண்டு ஓடாமலும் போகலாம். இரண்டு கார்களின் சாவிகளை ஒரே வளையத்தில் மாட்டியவர்களுக்கும் சில சமயம் இந்தத் தொல்லை வரும்.)

கேள்வி: தொலைந்த சாவி யார் கையிலாவது கிடைத்தால்?

வண்டியின் கணினியிலிருந்து அந்தச் சாவியின் சிப் பதிவு, ரிமோட் பதிவு இரண்டையும் அழிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அதன் சிப் இஞ்சினை ஓட்டாது, ரிமோட் கதவைத் திறக்காது. ஆனால் இரும்பு இரும்புதான். அதைக் கணினியால் அழிக்க முடியாது. சாவித் துவாரத்தில் போட்டுத் திருப்பினால் கதவு திறக்கத்தான் செய்யும். முகவரி உள்ள பையோடு சேர்ந்து தொலைந்திருந்தால் கதவுப் பூட்டின் சிலிண்டரை மாற்றுங்கள், அல்லது உள்ளே இருக்கும் தகடுகளை மாற்றி அடுக்கச் சொல்லுங்கள்.

அழிக்கப் போகும்போது மீதிச் சாவிகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பல வண்டிகளில் ஒன்றை மட்டும் அழிக்க முடியாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இருப்பவற்றைத் திரும்பச் சேர்ப்பார்கள். வீட்டில் விட்டு வந்த சாவி அன்றோடு செத்துப்போகும். வேலை முடிந்ததும், பதிவு செய்யப் பயன்படுத்திய கருவியின் திரையில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். கையில் இரண்டு இருந்து திரையில் மூன்று காட்டினால் பழையது இன்னும் உயிரோடு இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். பின்னால் வண்டி திருடு போனால், இருந்த சாவிகளையெல்லாம் ஒப்படைக்கும்படி பல நிறுவனங்கள் கேட்கும்.

கேள்வி: சாவி உள்ளே, கதவு பூட்டிக்கொண்டது. கண்ணாடியை உடைக்கலாமா?

உள்ளே குழந்தை இருந்தால் யோசிக்கவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் ஏறிவிடும். அவசர உதவியைக் கூப்பிட்டுக்கொண்டே, குழந்தையிடமிருந்து தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்முனை உள்ள பொருளால் அடியுங்கள். நடுவில் அடித்தால் கண்ணாடி வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். முன் கண்ணாடியிடம் போகவே வேண்டாம். நடுவே பிளாஸ்டிக் ஏடு இருப்பதால் விரிசல் விடுமே தவிர வழி விடாது.

யாரும் உள்ளே இல்லை என்றால் பொறுமையாக இருங்கள். வண்டியோடு இணைந்த செயலி போனில் இருந்தால் அதிலேயே திறக்கலாம். இல்லாவிட்டால் காற்றுப் பையால் கதவு விளிம்பை ஒரு விரல் அளவு விலக்கி, நீளக் கம்பியால் உள் பட்டனை அழுத்தித் திறப்பவர்கள் இருக்கிறார்கள். துணி மாட்டும் கம்பியைக் கதவுக்குள் விட்டுக் கிளறினால் ரப்பர் கிழியும், வயர் அறுபடும். பின்னால் இருக்கும் சிறிய முக்கோணக் கண்ணாடி மலிவாக இருக்கும் என்று நினைத்து அதை உடைப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியது. மாற்றும்போதுதான் தெரியும், பெரிய கண்ணாடியே தேவலை என்று.

கேள்வி: புஷ் ஸ்டார்ட் வண்டி. சாவி கையிலேயே இருக்கிறது, “சாவி இல்லை” என்கிறது.

பெரும்பாலும் சாவிக்குள் இருக்கும் பேட்டரி இறங்கியிருக்கும். சாவியின் பக்கத்தில் ஒரு சிறு தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளினால் இரும்புச் சாவி வெளியே வரும். கதவில் துவாரம் தெரியாவிட்டால் கைப்பிடியின் ஓரத்தில் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். திறந்ததும் அலாரம் அலறலாம். வண்டி ஸ்டார்ட் ஆனால் அடங்கிவிடும். பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். முதலில் சொன்ன பேட்டரி இல்லாத சிப் இதற்குள்ளும் இருக்கிறது. சில மாடல்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் வேறு. கையேட்டில் படம் இருக்கும். பேட்டரி பெரும்பாலும் சிஆர் 2032. பழையதன் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். கழற்றியதைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயைப் பொத்தலாக்கிவிடும்.

கேள்வி: சாவி இக்னிஷனுக்குள் முறிந்துவிட்டது. சூப்பர் குளூ போட்டு எடுக்கலாம் என்கிறார்களே?

போட்டால் துண்டும் பூட்டும் ஒட்டிக்கொள்ளும். சாவி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால், சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவரால் சிலிண்டரை மெதுவாகப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் துண்டை விடாது. பிறகு கிராஃபைட் பொடி கொஞ்சம் தூவி, பல் வெளிப்பக்கம் பார்க்கும்படி மெல்லிய ரம்பத் தகட்டை ஓரமாக விட்டு இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னொரு சாவியை உள்ளே தள்ளினால் துண்டு ஆழத்துக்குப் போகும். இரண்டு துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள், அவற்றை அளந்தே புதிது வெட்டலாம். தலைப்பகுதியில் சிப் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கினோம், ஒரே சாவிதான் தந்தார்கள். அதை வைத்து இன்னொன்று போடலாமா?

இப்போதே போடுங்கள். ஆனால் பல வருடம் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தோடு சேர்த்தே நகல் வரும். புதிதிலேயே ஆட்டி ஆட்டித்தான் திருப்ப வேண்டியிருக்கும். சாவி எண்ணை வைத்து வெட்டச் சொல்லுங்கள். சிப் பதிவு செய்யும்போதே முன் உரிமையாளரிடம் இருக்கக்கூடிய சாவிகளையும் அழித்துவிடலாம்.