சஜஷன், மாண்டேஜ், லுக்: சினிமாச் சொற்கள் பற்றிய கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்தில்தான் தொடங்குகின்றன. படப்பிடிப்பில் ஒரு சொல் ஒரு பொருளில் புழங்குகிறது, பாடப்புத்தகத்தில் அதே சொல் வேறு பொருளில் வருகிறது. அந்த மாதிரிக் கேள்விகளுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஷாட், சீன், சீக்வென்ஸ் மூன்றையும் எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?

கேமரா ஓடத் தொடங்கி நிற்கும் வரை பதிவாவது ஷாட். எடிட்டிங் முடிந்த படத்தில், ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் இருப்பது ஷாட். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நடப்பது சீன். இடமோ நேரமோ மாறினால் அடுத்த சீன் எண் போட வேண்டும். சீக்வென்ஸ் என்பது ஒரு காரியத்தை நோக்கிப் போகும் பல சீன்கள். பெண் பார்க்கப் புறப்படுவது, பஸ் கிடைக்காமல் தவிப்பது, பெண் வீட்டில் பஜ்ஜி சாப்பிடுவது, திரும்பும் வழியில் அப்பாவும் மகனும் பேசாமல் வருவது, இவை நான்கு சீன், ஒரு சீக்வென்ஸ். ‘டேக்’ வேறு. ஒரே ஷாட்டை மூன்று முறை எடுத்தால் மூன்று டேக்.

குறும்படம் எடுக்கிறோம். ‘கோட்டைத் தாண்டாதே, லுக் மாறிவிடும்’ என்று கேமராமேன் சொல்லிக்கொண்டே இருக்கிறார். என்ன கோடு அது?

அவர் சொல்வதைக் கேளுங்கள். ‘லுக்’ என்று அவர் சொல்வது, திரையில் நடிகர் பார்க்கும் திசையை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால், அவர்களுடைய பார்வைகளை இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். 180 டிகிரி விதி என்று சொல்வது இதைத்தான். கேமராவை அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அப்போது ஒருவர் எப்போதும் திரையின் வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம் பார்ப்பார். தனித்தனி க்ளோசப்பாக வெட்டிப் போட்டாலும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவதாகத் தெரியும். ஒருவர் தோளுக்குப் பின்னால் இருந்து இன்னொருவர் முகத்தைக் காட்டுவதை நம்மூரில் ‘சஜஷன்’ என்கிறார்கள், புத்தகத்தில் அது ‘ஓவர் த ஷோல்டர்’. அந்த ஷாட்டிலும் இதே கணக்குதான்.

என் முதல் குறும்படத்தில் இந்தத் தப்பை நானே செய்தேன். டீக்கடை பெஞ்சில் இரண்டு நண்பர்கள். காலையில் ஒருவருடைய ஷாட்களை முடித்துவிட்டோம். மதியம் வெயில் முகத்தில் அடித்ததால், யோசிக்காமல் கேமராவைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றி மற்றவரை எடுத்தேன். எடிட்டில் பார்த்தால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுகிறார்கள்! மூன்றாவது ஆள் ஒருவருடன் பேசுவது போல இருந்தது. கடைசியில் டீ ஆற்றும் கையின் க்ளோசப் ஒன்று கைகொடுத்தது. அதை நடுவில் போட்டு, பார்ப்பவரின் திசை உணர்வைக் கொஞ்சம் கலைத்துவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போனோம். கோட்டின் மேலேயே நின்று எடுத்த ஷாட் ஒன்று இருந்தாலும், ஷாட் ஓடும்போதே கேமரா கோட்டைக் கடந்து நகர்ந்தாலும் குழப்பம் வராது.

டிவியில் கால்பந்து பார்க்கும்போது கவனியுங்கள். ஆட்டத்தைத் தொடர்ந்து காட்டும் கேமராக்கள் மைதானத்தின் ஒரே பக்கத்தில் இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து ரீப்ளே காட்டினால் ‘ரிவர்ஸ் ஆங்கிள்’ என்று திரையில் எழுதியே போடுவார்கள். இல்லாவிட்டால் எந்த அணி எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாது.

ஜப்பானிய இயக்குநர் ஓசு இந்த விதியை விடாமல் மீறியவர். உரையாடும் இருவரும் திரையில் ஒரே பக்கம் பார்ப்பதுகூட அவர் படங்களில் உண்டு. ஆனால் அவர் படம் முழுக்க ஒரே ஒழுங்கோடு அப்படிச் செய்ததால், அது அவருடைய படங்களின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. நீங்கள் முதல் படத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கமே இருங்கள்.

உதவி இயக்குநரான நண்பன் ‘இது மாண்டேஜ் சாங்’ என்கிறான். கல்லூரியில் மாண்டேஜ் என்றால் ரஷ்ய எடிட்டிங் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. பிரெஞ்சில் மாண்டேஜ் என்றால் பாகங்களைப் பொருத்துவது. எடிட்டிங் வேலைக்கே அங்கே அதுதான் பெயர். நம் ஊரில் நடிகர்கள் வாயசைக்காமல், பாட்டு பின்னணியில் ஓட, காதல் வளர்வதையோ கடை பெருகுவதையோ துணுக்குத் துணுக்காகக் காட்டுவதை மாண்டேஜ் என்கிறோம். இரண்டு வருடத்தை நான்கு நிமிடத்தில் கடக்க உதவும் சுருக்குவழி அது.

சோவியத் இயக்குநர்கள் அந்தச் சொல்லால் குறித்தது இதைவிடப் பெரிய விஷயம். நடிகர் மொசூகினின் உணர்ச்சி காட்டாத முகம் ஒன்றை எடுத்துக்கொண்டு குலெஷோவ் செய்த சோதனையைப் பற்றிப் புடோவ்கின் எழுதியிருக்கிறார். அதே முகத்துக்குப் பக்கத்தில் ஒரு முறை சூப் கிண்ணம், ஒரு முறை சவப்பெட்டியில் ஒரு பெண், ஒரு முறை பொம்மையோடு விளையாடும் சிறுமி. பார்த்தவர்கள் அவர் பசியையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் அருமையாக நடித்ததாகப் பாராட்டினார்களாம். முகம் மாறவேயில்லை, பக்கத்தில் வைத்த ஷாட்தான் மாறியது. அப்படியானால் அந்தத் துக்கம் இரண்டு ஷாட்டில் எதிலும் இல்லை, பார்ப்பவர் மனதில் பிறந்திருக்கிறது.

இன்னொரு சோவியத் இயக்குநரான ஐசன்ஸ்டீன் இதை ஷாட்டும் ஷாட்டும் மோதும் மோதல் என்றார். 1925-இல் வந்த ‘பேட்டில்ஷிப் பொட்டெம்கின்’ படத்தில் மூன்று கல் சிங்கங்கள் வரும். ஒன்று தூங்குகிறது, ஒன்று விழித்திருக்கிறது, ஒன்று எழுந்து நிற்கிறது. மூன்றும் வெவ்வேறு சிலைகள். அடுத்தடுத்து ஒட்டியதும் ஒரே சிங்கம் துள்ளி எழுவதாகத் தெரிகிறது, கல்லுக்கே கோபம் வந்தது போல!

இனி மாண்டேஜ் பாட்டு ஒன்றைப் பார்க்கும்போது ஷாட்களின் வரிசையைக் கவனியுங்கள். வரிசையைக் கலைத்துப் போட்டாலும் ஒன்றும் மாறாது என்றால், அது சுருக்குவழி மட்டும்தான். வரிசை மாறினால் பொருளும் மாறிவிடும் என்றால், அங்கே குலெஷோவின் வேலை நடந்திருக்கிறது.

ஜூம் செய்தாலும் டிராலியில் போனாலும் முகம் பெரிதாகத்தானே ஆகிறது? ஜூம் லென்ஸ் இருக்கும்போது டிராலிக்கு ஏன் வாடகை கொடுக்க வேண்டும்?

ஜன்னல் அருகே நின்று, கம்பி வழியாகத் தெருவில் இருக்கும் மரத்தைப் பாருங்கள். இரண்டு அடி முன்னால் நகருங்கள். கம்பி மளமளவென்று பெரிதாகும், மரம் அப்படியே இருக்கும். கேமராவைச் சக்கரத்தில் வைத்து நகர்த்தும் டிராலி செய்வது இதுதான். பக்கத்திலிருப்பதும் தூரத்திலிருப்பதும் வெவ்வேறு அளவில் வளர்வதால், இடத்துக்குள் நாமே நடந்துபோன உணர்வு வரும். ஜூமில் கேமரா நின்ற இடத்திலேயே நிற்கிறது. கம்பியும் மரமும் ஒரே விகிதத்தில் பெரிதாகின்றன. போட்டோவை விரலால் விரித்துப் பார்ப்பதைப் போல.

டிராலியைப் பின்னால் இழுத்துக்கொண்டே ஜூம் செய்தால் ஆள் அதே அளவில் நிற்க, பின்னணி மட்டும் நெருங்கி வரும். ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வில், 1958-இல், உயரத்தைக் கண்டு தலைசுற்றுவதைக் காட்ட இப்படி டிராலியையும் ஜூமையும் எதிரெதிராக இயக்கினார்கள். வாடகைக்குக் காசு இல்லையென்றால் சக்கர நாற்காலி போதும், தரை மட்டும் சமமாக இருக்கட்டும்.

சிங்கிள் ஷாட் படம் முன்பு ஏன் எடுக்கவில்லை?

ஃபிலிம் தீர்ந்துவிடும், அதுதான் காரணம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் ஹிட்ச்காக் 1948-இல் ‘ரோப்’ எடுத்தபோது, ஒருவர் போட்டிருந்த கோட்டின் முதுகுப் பக்கத்துக்கு மிக அருகில் போய்த் திரையை இருட்டாக்கி, அந்த இருட்டில் சில வெட்டுகளை மறைத்தார். டிஜிட்டல் வந்த பிறகு, 2002-இல் சோகுரோவின் ‘ரஷ்யன் ஆர்க்’ ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்துக்குள் ஒன்றரை மணி நேரத்தையும் ஒரே ஷாட்டில் கடந்தது.

‘மிசான்சேன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் என்ன?

‘காட்சியமைப்பு’ என்று எழுதுகிறார்கள். ஆனால் நம்மில் பலர் அதே சொல்லைத் திரைக்கதையில் சீன் பிடிப்பதற்கும் சொல்வதால் குழப்பம் வருகிறது. சட்டகத்துக்குள், அதாவது ஃபிரேமுக்குள், வைக்கப்பட்ட எல்லாம் மிசான்சேனில் அடங்கும்: அரங்கப் பொருள், உடை, ஒளி, நடிகர் நிற்கும் இடம், நகர்வு. நான் மிசான்சேன் என்றே எழுதுகிறேன்.

டயஜெடிக் ஒலி, நான்-டயஜெடிக் ஒலி என்று பிரிக்கிறார்கள். நம் படங்களின் பாட்டு எதில் சேரும்?

பாத்திரங்களின் காதில் விழும் ஒலி டயஜெடிக். நமக்கு மட்டும் கேட்பது நான்-டயஜெடிக். டீக்கடை ரேடியோ முதல் வகை. ‘ஆர்.ஆர்.’ என்று நாம் சுருக்கிச் சொல்லும் ரீ-ரெக்கார்டிங்கில் சேர்க்கும் பின்னணி இசை இரண்டாவது வகை.

நம் டூயட் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாயகி பாடுகிறாள், நாயகன் கேட்டுப் பதில் பாடுகிறான். அந்த வகையில் அது கதைக்குள் இருக்கிறது. ஆனால் வயல் நடுவே அவர்களுக்கு வயலின் வாசிப்பது யார்? குரலும் அவர்களுடையது இல்லை, பின்னணிப் பாடகருடையது. இந்த வகைப்பாட்டில் நம் பாட்டு அடங்கவில்லை என்றால், குறை நம் பாட்டில் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வேறு விதமான படங்களை வைத்து உண்டாக்கிய பிரிவு அது. ரேடியோவில் சன்னமாகத் தொடங்கும் பாட்டு, அடுத்த வெட்டில் முழு வாத்தியங்களோடு மலைச்சாரலில் விரியும் இடங்களை நம் படங்களில் தேடிப் பாருங்கள். ரேடியோவின் கரகரப்பு எந்த நொடியில் மறைகிறது என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். பாட்டு கதைக்குள்ளிருந்து வெளியே காலெடுத்து வைப்பது அந்த நொடியில்தான்.