ஆர்.ஈ.எம். பேண்ட் 31 வருடம் சண்டையில் உடையாமல் இருந்தது எப்படி?

"பாதி ராக் பேண்டுகள் நாலைந்து வருடத்தில் அடித்துக்கொண்டு பிரிந்துவிடுகின்றன, அமெரிக்காவின் ஆர்.ஈ.எம். மட்டும் 1980-லிருந்து 2011 வரை எப்படித் தாக்குப்பிடித்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், காசைச் சமமாகப் பிரித்துக்கொண்டதுதான் முதல் காரணம். பாடகர் மைக்கேல் ஸ்டைப்பின் குரல், பீட்டர் பக்கின் கிட்டார் எல்லாம் அதற்கு அப்புறம்.

ராக் பேண்டுகளில் கச்சேரி வருமானத்தைப் பிரிப்பதில் பெரிய தகராறு வராது. பாட்டு விற்கிற, ஒலிக்கிற போதெல்லாம் அதை எழுதியவருக்கு மட்டும் தனியாக வருகிற பங்கு, அதாவது ராயல்டிதான் விஷம். பத்து வருடத்தில் ஒருவர் மாளிகை வாங்குவார், பின்னால் டிரம்ஸ் அடிப்பவர் வாடகை வீட்டிலேயே இருப்பார். இவர்கள் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் சேர்ந்த புதிதிலேயே அதற்கு வழி கண்டுவிட்டார்கள். யார் எழுதினாலும் பெர்ரி (டிரம்ஸ்), பக், மில்ஸ் (பேஸ் கிட்டார்), ஸ்டைப் என்று நாலு பேர் பெயரும் பாட்டில் இருக்கும், பங்கும் சமம். 1991-ல் உலகமே கேட்ட 'லூசிங் மை ரிலீஜன்' பாட்டின் மாண்டலின் மெட்டு பீட்டர் பக் அந்த வாத்தியத்தைப் பழகிக்கொண்டிருந்தபோது வந்தது, வரிகள் ஸ்டைப்புடையவை, ஆனாலும் காசு நாலு பங்குதான். முடிவெடுப்பதிலும் அதே கதை: ஒருவர் வேண்டாம் என்றால் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்து ஆர்கெஸ்ட்ராக்களில் பேடு (எலக்ட்ரானிக் டிரம்) வாசித்தவன் நான். மாரியம்மன் பண்டிகைக் கச்சேரி விடியற்காலையில் முடியும், ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று ஓனர் நோட்டை எண்ணுவார், பாடகருக்கு ஒரு கட்டு, கீபோர்டுக்காரருக்கு ஒரு கட்டு, நம் கையில் பேட்டாவும் பஸ் காசும். "பாட்டுக்காரனுக்குத்தானே தம்பி ஜனம் வருது" என்பார். எதிர்த்துப் பேசினால் அடுத்த பண்டிகைக்கு வேறு ஆள். இப்படி உடைந்து, உடைந்த துண்டும் உடைந்து, ஒரே ஊரில் மூன்று ட்ரூப் ஆனதெல்லாம் உண்டு. அதே நாட்களில்தான் ஓசூரில் கம்பெனி வேலையிலிருந்த பெரியப்பா மகன், பெங்களூரு மெஜஸ்டிக்கில் வாங்கிய ஆர்.ஈ.எம். கேசட்டைக் கொடுத்தார். உறையில் நாலு பெயரும் ஒரே வரிசையில் இருந்ததைப் பார்த்து எனக்கு வந்தது பொறாமைதான்.

அவர்களுக்குக் கஷ்டமே வரவில்லை என்றில்லை. 1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லோசானில் கச்சேரி நடுவே டிரம்மர் பில் பெர்ரிக்கு மூளையில் ரத்தக்குழாய் வீங்கி வெடித்தது. பிழைத்துத் திரும்பி வந்தார், அதே சுற்றுப்பயணத்தில் மில்ஸுக்கு வயிற்றில் ஆபரேஷன், ஸ்டைப்புக்குக் குடலிறக்கம். அத்தனைக்கும் நடுவே சவுண்ட் செக்கிலும் மேடையிலும் பதிவு செய்ததை வைத்தே 1996 ஆல்பத்தின் பெரும்பகுதியை முடித்தார்கள், கில்லாடிகள். அந்த வருடமே வார்னர் இசைக் கம்பெனியோடு புது ஒப்பந்தம், சுமார் 8 கோடி டாலர் என்று பத்திரிகைகளில் வந்தது. அடுத்த வருடம் பெர்ரி போதும் என்று சொல்லிவிட்டு விவசாயத்துக்குப் போனார், அதுவும் "நான் போவதால் பேண்ட் கலையும் என்றால் போகமாட்டேன்" என்ற நிபந்தனையோடு. ஒரு டிரம்மர் இப்படி மனக்கசப்பில்லாமல் எழுந்துபோக முடிந்ததற்கும் அந்தச் சமப் பங்குதான் காரணம் என்பது என் கணிப்பு. மூன்று காலானாலும் நாய் நாய்தான், வேறு மாதிரி ஓடப் பழக வேண்டும் என்று ஸ்டைப் சொன்னார்.

ஓடினார்கள், ஆனால் நொண்டினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 2004-ல் வந்த 'அரவுண்ட் த சன்' ஆல்பத்தை என்னால் முழுசாக ஒரே மூச்சில் கேட்க முடிந்ததில்லை. 2008-ல் கொஞ்சம் வேகம் பிடித்து, 2011 செப்டம்பரில் சண்டை சச்சரவு எதுவுமில்லாமல் கடையைக் கட்டினார்கள். அதற்கப்புறம் மறுபடி சேர்ந்து ஊர் ஊராகக் கச்சேரி செய்து காசு பார்க்கிற வேலையும் இல்லை. 2024 ஜூனில் நியூயார்க்கில் பாடலாசிரியர்களுக்கான விருது விழாவில் பெர்ரியும் சேர்ந்து நாலு பேரும் ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள், அதே மாண்டலின் பாட்டு.

கேட்க ஆரம்பிப்பதாக இருந்தால் 1992-ன் 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' எடுங்கள், சில பாட்டுகளில் வயலின் வரிசையை அமைத்தது லெட் செப்லின் என்ற பழைய ராக் பேண்டின் ஜான் பால் ஜோன்ஸ். பிறகு 1983-ன் 'மர்மர்'. அதில் ஸ்டைப் முணுமுணுப்பது அமெரிக்காக்காரனுக்கே பாதி புரியவில்லை, நமக்குப் புரியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.