குமரி மாவட்டப் பதின்வயதினர் இளையோர் நாவல்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? தமிழில் எதைக் கொடுக்கலாம்?

மார்த்தாண்டம் பக்கம் மாணவர்களுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் அறிவுரையைத்தான் வெறுக்கிறார்கள், கதையை அல்ல. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எந்த நாவலை எடுத்தாலும் முதலில் கடைசி அத்தியாயத்தைப் புரட்டுவாள். அங்கே ஒரு பெரியவர் நின்று நல்லது கெட்டது பேசிக்கொண்டிருந்தால் புத்தகம் அலமாரிக்கே திரும்பிவிடும். அவள் செய்வது சரி என்றே நினைக்கிறேன்.

ஆங்கில நாவல்கள் அவர்களை ஈர்ப்பதற்குக் காரணம் மொழி மோகம் மட்டுமல்ல. பதினைந்து வயதின் கோபமும் காதலும் வீட்டுச் சண்டையும் அங்கே கூச்சமின்றிப் பேசப்படுகின்றன. தமிழிலோ சிறுவர் கதை முடிந்ததும் நேராகப் பெரியவர்களின் நாவல்தான். நடுவில் இருப்பவை குறைவு. மீனவ ஊரான தூத்தூரைச் சேர்ந்த பையன் ஒருவன், "2017 ஒக்கிப் புயலில் அப்பாவுக்காகக் காத்திருந்த பையனின் கதை ஏன் இல்லை?" என்று கேட்டான். நம் எழுத்தாளர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

தொடக்கத்துக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கொடுங்கள். கீழடியைப் பின்னணியாகக் கொண்டது, சிறார் இலக்கியத்துக்காகச் சாகித்திய அகாதெமி தரும் பால சாகித்திய புரஸ்காரை 2023இல் பெற்றது. பதினாறு வயதுக்கு மேல் என்றால், தேங்காய்ப்பட்டினத்துக்காரரான தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. இளையோருக்கென்று எழுதப்பட்டதல்ல; ஆனாலும் இங்குள்ள பிள்ளைகளுக்கு அதன் பேச்சு வழக்கு அந்நியமாக இருக்காது. படித்து முடித்ததும் தேர்வு வைப்பதுபோல் கேள்வி கேட்காதீர்கள்.