மகள் போலீஸ் பாடம் படிக்கட்டுமா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், அடுத்த வருஷம் ஹைஸ்கூலில் 'லா என்ஃபோர்ஸ்மென்ட்' தொழிற்பாடம்தான் எடுப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். "போலீஸ் வேலைக்கு அனுப்பவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்கிறார் என் கணவர். ரேங்க் போய்விடும், நல்ல காலேஜ் கிடைக்காது என்ற பயமும் அவருக்கு. மகள் சென்னையில் பிறந்தவள். நாங்கள் இன்னும் ஹெச்-1பி விசாவில்தான் இருக்கிறோம். என்ன செய்யட்டும்? - ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: போகிற போக்கில் விசாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். ஆனால் வீட்டில் சண்டை வேறு விஷயத்துக்கு நடப்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம்.

இந்தப் பாடத்தை எடுத்ததாலேயே யாரும் போலீஸ் ஆகிவிடுவதில்லை. டெக்சாஸில் 2013-இல் வந்த சட்டப்படி, ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துறையைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பின்னால் மாற்றிக்கொள்ளவும் முடியும். உங்கள் மகள் கேட்பது அதில் 'பப்ளிக் சர்வீசஸ்' என்ற பிரிவுக்குள் வரும். முதல் பாடத்தில் போலீஸ், கோர்ட், சிறை மூன்றையும் மேலோட்டமாகச் சொல்லித் தருவார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் குற்றம் நடந்த இடத்தைப் போலவே ஒரு அறையை ஜோடித்து வைத்துத் தடயம் சேகரிக்கச் சொல்வார்கள், அறிக்கை எழுத வைப்பார்கள். பதினாலு வயதுப் பிள்ளை, தான் ஊகித்ததை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதப் பழகினால் அதில் என்ன நஷ்டம்?

உங்கள் கணவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1990-இல் வேலையைத் தொடங்கியது கலிபோர்னியாவில் அலமேடா கவுண்டியின் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) அரசுத் தரப்பு வக்கீல் அலுவலகத்தில். குற்றவியல் துறை என்றாலே லத்தி மட்டும் ஞாபகத்துக்கு வருவது நம்மூர்ப் பழக்கம்.

ரேங்க் பற்றிய அவர் பயத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. பல பள்ளி மாவட்டங்களில் ஏ.பி. எனப்படும் கல்லூரித் தர வகுப்புகளுக்குக் கூடுதல் மதிப்பெண் எடை உண்டு. தொழிற்பாடங்கள் பலவற்றுக்கு அது கிடையாது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தானாக இடம் கிடைக்க, 2026 சேர்க்கையிலிருந்து, பள்ளியில் தன் வகுப்பின் முதல் 5 சதவீதத்துக்குள் வர வேண்டும். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை என்று பள்ளி கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தடய அறிவியல் பாடத்தை அறிவியல் கிரெடிட்டாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். அதற்காக வேதியியலையும் இயற்பியலையும் விட்டுவிட விடாதீர்கள். ஆய்வகத்தில் டி.என்.ஏ. பரிசோதிக்கும் வேலைக்குக் கேட்பது மரபியல், உயிர்வேதியியல், புள்ளியியல். கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்ட முடியாது. தொலைக்காட்சித் தொடர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

இனி விசா. டெக்சாஸில் போலீஸ் அதிகாரியாக, ராணுவத்தில் இருந்தவர்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். எஃப்.பி.ஐ. ஏஜென்டுக்குக் குடியுரிமையோடு பட்டம், 23 வயது, வேலை அனுபவம் எல்லாம் வேண்டும். உங்கள் மகள் ஹெச்-4-இல், அதாவது ஹெச்-1பி-காரர்களின் குடும்பத்துக்கான விசாவில் இருப்பாள். இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 21 வயதாகும்போதும் கார்டு வராவிட்டால் அவள் உங்கள் விசாவிலிருந்து வெளியே வந்து மாணவர் விசாவுக்கோ வேறொன்றுக்கோ மாற வேண்டியிருக்கும். டெக்சாஸில் போலீஸ் உரிமத்துக்கான சாதாரண வயதும் அந்த 21-தான். பாடத்தை முடித்து, சீருடைக் கனவோடு நிற்கும் பெண்ணிடம் "உனக்குத் தகுதி இல்லை" என்று யாரோ ஒரு தேர்வு அதிகாரி சொல்லித்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டுமா? இப்போதே, நீங்களே சொல்லிவிடுங்கள். பதின்மூன்று வயதுக்குப் புரியும். குடியேற்ற வக்கீலிடமும் ஒருமுறை பேசிவிடுங்கள்.

எல்லாக் கதவும் மூடியில்லை. வக்கீலாகக் குடியுரிமை கட்டாயம் என்று மாநிலங்கள் விதிக்கக் கூடாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேலை செய்ய அனுமதி இருந்தால் தனியார் ஆய்வகங்களும் உண்டு. அவளுக்குப் பிடித்திருப்பது சீருடையா, துப்புத் துலக்குவதா, நியாயம் கேட்பதா? அதைக் கேட்டுப் பாருங்கள். பதிலைப் பொறுத்து வழி மாறும்.

பள்ளியைப் பற்றியும் ஒரு கேள்வி. இந்த வகுப்புகளை நடத்துகிறவர்களில் முன்னாள் போலீஸ்காரர்கள் நிறைய. அதில் தப்பில்லை. ஆனால் கைவிலங்கு மாட்டுவதை ஒரு வாரம் சொல்லித் தருகிறவர், குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்ற 1963 கிடியன் தீர்ப்புக்கும், கைதானவரிடம் அவர் உரிமைகளைச் சொல்லிவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும் என்ற 1966 மிராண்டா தீர்ப்புக்கும் எத்தனை நாள் ஒதுக்குகிறார்? பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 2020-இல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ் பிடியில் உயிரிழந்ததை அந்த வகுப்பில் பேசுவார்களா என்றும் கேளுங்கள். மழுப்பினால் நான் என் பிள்ளையை அங்கே சேர்க்க யோசிப்பேன்.

பாடத் தேர்வுப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் அப்பாவும் மகளும் உங்கள் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய்வரட்டும். பெரும்பாலான விசாரணைகளை யார் வேண்டுமானாலும் பின் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம், கட்டணம் கிடையாது. போனை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.